மழை விடாத மார்கழியில் ரோஜாச் செடியை என்ன செய்வது?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டது சுருக்கமாக இது. முற்றத்தில் ஆறு ஒட்டு ரோஜா, மொட்டை மாடியில் பூச்சட்டிகளில் இன்னும் சில. கார்த்திகையோடு விடவேண்டிய மழை மார்கழி பாதி தாண்டியும் விடவில்லை. பனியும் இல்லை, குளிரும் இல்லை. இலைகளில் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகிக் கொட்டுகிறது. சில கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்குகின்றன. மொட்டு வந்தாலும் விரியாமல் அழுகுகிறது. ஆனால் அடியிலிருந்து மட்டும் செழிப்பாகப் புதுக் கிளை கிளம்புகிறது. "அக்டோபரில் கவாத்து செய்யணும்னு படிச்சேன், விட்டுப்போச்சு. இப்போ வெட்டலாமா? என்ன உரம் போடலாம்?"

இப்போது வெட்டவும் வேண்டாம், உரமும் வேண்டாம். மழை வெறிக்கும்வரை இரண்டையும் தள்ளிப்போடுங்கள். அதுவரை வேரிலும் இலையிலும் தண்ணீர் நிற்காமல் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. கரும்புள்ளி, கிளை கருகல், மொட்டு அழுகல் மூன்றுமே ஈரம் விடாமல் நிற்பதால் வருபவை.

முதலில் இந்தக் குளிரில்லாத மார்கழியைப் பற்றி. வழக்கமான வருஷத்தில் மார்கழி பிறந்து சில நாளில் வானம் தெளியும். தெளிந்த வானத்தில் பகல் சூடு இரவில் வெளியேறிவிடும், விடியற்காலையில் கொஞ்சம் சிலுசிலுப்பு இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி நம் மாவட்டத்தில் ரோஜா அடங்கி உறங்குவது எப்போதும் கிடையாது. இருந்தாலும் அந்தச் சில வாரங்களில் வளர்ச்சி நிதானப்பட்டு, தண்டு முற்றி, பூவின் நிறமும் இதழ்க்கட்டும் கூடும். மேகம் மூடிக்கிடக்கும் வருஷத்தில் சூடு வெளியேற வழியில்லை. செடி இரவு பகலாகத் துளிர்த்துக்கொண்டே இருக்கிறது, துளிரை முற்ற வைக்கும் அளவுக்கு வெயில் கிடைப்பதில்லை. நீண்டு வெளிறிய இளங்கிளை, அதில் எப்போதும் ஈரம். பூஞ்சணத்துக்கு இதைவிட வசதி வேண்டாம். இந்த நேரத்தில் யூரியாவோ கடலைப் புண்ணாக்கோ போட்டால் இன்னும் இளந்துளிர்தான் வரும். உரம் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

கரும்புள்ளியைக் கையில் எடுத்துப் பாருங்கள். புள்ளியின் ஓரம் வெட்டியது போல நேராக இருக்காது, மையொற்றின மாதிரி இழையிழையாகப் பரவியிருக்கும். சுற்றி மஞ்சள். கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும். இந்தப் பூஞ்சணத்தின் வித்து இலையில் விழுந்து முளைத்து உள்ளே புக, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்தபடி இருக்கவேண்டும். வடகிழக்கு மழை நமக்குப் பெரும்பாலும் சாயங்காலம் பிடித்து இரவு வரை பெய்கிறது. இலை காய மறுநாள் ஒன்பது, பத்து மணி ஆகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு இரவும் நோய்க்குத் தாராளமாக நேரம் கிடைக்கிறது. இன்னொன்று, இது முக்கியமாகப் பரவுவது தண்ணீர்த் தெறிப்பால். கீழே கொட்டிக் கிடக்கும் புள்ளி இலைமேல் மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது வித்து அடி இலைக்கு ஏறுகிறது.

அதனால் நாளைக் காலையில் செய்யவேண்டிய முதல் வேலைக்குக் காசு செலவில்லை. தரையில் கிடக்கும் ரோஜா இலையை ஒன்று விடாமல் பொறுக்குங்கள், செடியில் புள்ளி விழுந்து மஞ்சளான இலையையும் கிள்ளுங்கள். உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள் அல்லது தள்ளிப் புதையுங்கள். புள்ளி விழுந்தும் இன்னும் பச்சையாக நிற்கும் இலையை மட்டும் விட்டுவையுங்கள். செடிக்கு இப்போது சோறு சமைப்பது அதுதான், எல்லாவற்றையும் உருவி எடுத்தால் பட்டினி. பிறகு அடிமண்மேல் காய்ந்த சருகையோ தேங்காய்க் கதம்பையையோ பரப்பி, தண்டை ஒட்டி நாலு விரல் இடம் விட்டுவிடுங்கள். மண் தெறிப்பது நிற்கும். தண்டை மூடி மேலே குவித்தால் அங்கே பட்டை அழுகும்.

சாம்பல் நோய் பற்றிப் பலரும் பயப்படுவார்கள். இலைமேல் வெள்ளைமாவு தூவின மாதிரி வருமே, அது. உண்மையில் விடாத மழையில் அது குறைவு. அதற்கு இலைமேல் தண்ணீர் நிற்கவேண்டியதில்லை, காற்றில் ஈரப்பதம் போதும். அடித்துப் பெய்யும் மழை அதைக் கழுவிக்கூட விடும். தை, மாசியில் பகல் வறண்டு இரவு ஈரமாக இருக்கும்போது எட்டிப்பார்க்கும். கந்தகத்தை அப்போது எடுத்தால் போதும். இப்போது கரும்புள்ளிக்கு என்று கந்தகம் அடித்துக்கொண்டிருப்பது பெரிய பலன் தராது.

காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் தோவாளைப் பக்கம் இலை சீக்கிரம் காயும். குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கம் மரங்கள் அடர்ந்து, மழையும் கூடுதல், காற்றும் அடங்கிக் கிடக்கும். ஒரே கடையில் வாங்கிய ஒரே ரகம் இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. இத்தனைக்கும் பூவுக்குப் பேர்போன தோவாளையிலேயே பிச்சி, அரளி, கோழிக்கொண்டை எல்லாம் உள்ளூரில் விளையும், ரோஜா பெரும்பாலும் ஓசூர் பக்கத்திலிருந்து லாரி ஏறி வரும். அங்கே உயரமான நிலம், இதமான குளிர், அதிலும் பசுமைக்குடில் கூரைக்கடியில் இலை நனையாமல் வளர்க்கிறார்கள். கல்யாண மாலையில் பார்க்கும் ரோஜாவை நம் முற்றத்து ரோஜாவோடு ஒப்பிட்டு மனசு ஒடிய வேண்டாம்.

பூச்சட்டிகளை நகர்த்தலாம், அது பெரிய வசதி. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, அதனால் வீட்டுக்குத் தெற்கு அல்லது கிழக்குப் பக்கம் நல்லது. காலை வெயில் முதலில் எங்கே விழுகிறதோ அங்கே வையுங்கள். சன்ஷேடுக்குக் கீழே வெயில் வரும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது, மழை நேராக விழாது. சட்டிகளை நெருக்கி வைக்காமல் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு, சட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடித்துளையை வேர் அடைத்திருக்கும், ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் களிமண் உருண்டை. நர்சரியில் வாங்கும் ஒட்டுச் செடிகள் பலவும் ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து வருபவை. பசை மாதிரி மண்ணில் வேரைப் பொதிந்து அனுப்புவார்கள். தூரப் பயணத்துக்கு அது சரி. ஆனால் அப்படியே சட்டியில் இறக்கி வைத்துச் சுற்றிலும் பொலபொலவென்று கோக்கோபீட் கலவையைப் போட்டால், மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், நடுவில் உருண்டை பிசுபிசுவென்று ஊறிக்கிடக்கும். மழைக்காலத்தில் வேர் முதலில் சாவது இங்கேதான். மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டு நின்றால் அதைத் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றக்கூடாது. சட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு உருவிப் பாருங்கள். நல்ல வேரின் நுனி வெள்ளையாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் கறுத்து, விரலால் உருவினால் தோல் கழன்று நார் மட்டும் நிற்கும், நாற்றமும் காட்டிக்கொடுக்கும். அப்படியானால் உருண்டையின் வெளிப்பக்கத்தை மெதுவாக உதிர்த்து, கறுத்த வேரை நறுக்கி, ஆற்று மணல் கலந்த புது மண்ணில் சின்னச் சட்டியில் வைத்து மழை படாத வெளிச்சத்தில் விடுங்கள். நன்றாக இருக்கும் செடியை மட்டும் இந்த மழையில் கலைக்காதீர்கள்.

தரையில் இருக்கும் ஆறு செடிதான் சிக்கல். தக்கலைப் பக்கம் செம்மண், கொஞ்சம் தோண்டினாலே வெட்டுக்கல். 'ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து, தொழு உரமும் மணலும் நிரப்பி நடு' என்று எல்லோரும் சொல்வார்கள். சமவெளியில் அது சரியான யோசனை. நம் இறுகிய மண்ணில் அந்தக் குழி தண்ணீர் வெளியேற வழியில்லாத குடம் மாதிரி ஆகிவிடும். சுற்றியுள்ள மழைநீரெல்லாம் உள்ளே வடிந்து, உரத்தோடு சேர்ந்து ஊறி நிற்கும். சந்தேகம் என்றால் செடிக்கு இரண்டடி தள்ளி ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் கவலையில்லை. மறுநாளும் நின்றால் வேரும் அதே தண்ணீரில்தான் நிற்கிறது. உடனடியாகச் செய்யக்கூடியது, செடிக்குக் கீழ்ச்சரிவுப் பக்கமாக ஒரு முழம் தள்ளிக் குழியின் அடி ஆழத்துக்குச் சின்ன ஓடை வெட்டி முற்றத்துக்கு வெளியே இழுத்துவிடுவது. நிரந்தர வழி, தை கடைசியில் செடியைக் கிளப்பித் தரைமட்டத்துக்குமேல் ஓர் அடி உயர மேட்டில் வைப்பது. நாஞ்சில் நாட்டு வயலோரத்தில் வீடு உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே மண் வேறு, ஆனால் மழைக்காலத்தில் அடிநீர் மேலே வந்துவிடும்.

செடியை லேசாக ஆட்டியும் பாருங்கள். ஊறிய மண்ணில் காற்றடித்துச் செடி ஆடி ஆடித் தண்டைச் சுற்றிப் புனல் மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மழைநீர் நேராக அதில் இறங்கி அடித்தண்டு அழுகும். பக்கத்தில் ஒரு கம்பை ஊன்றி, வாழைநாரால் தளர்வாகக் கட்டி, பள்ளத்தில் மண்ணிட்டுக் காலால் மெல்ல அழுத்திவிடுங்கள். ஒட்டு போட்ட முடிச்சு, அதாவது நல்ல ரகத்தைக் காட்டுவேர்ச்செடியோடு இணைத்த இடம், மண்ணுக்கு மேலே இரண்டு, மூன்று அங்குலம் தெரியவேண்டும்.

இனி, நீங்கள் சந்தோஷமாகச் சொன்ன அந்தச் செழிப்பான அடிக்கிளை. எனக்கு அதில்தான் சந்தேகம் அதிகம். குளிரில்லாத ஈரமான பருவத்தில் ஒட்டுக்குக் கீழே இருக்கும் காட்டுவேர்ச்செடி முந்திக்கொண்டு துளிர்க்கும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கிளை, ஐந்து இருந்தால் நல்லது என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விரலால் விலக்கி, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டு முடிச்சுக்கு மேலே என்றால் அதுதான் அடுத்த வருஷப் பூவுக்கான கிளை, கண்போலக் காப்பாற்றுங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால் கத்தரியால் வெட்டாமல், கீழ்ப்பக்கமாக இழுத்து அடியோடு பிய்த்தெடுங்கள். வெட்டினால் அடிமொட்டு மிஞ்சி, ஒன்று இரண்டாக முளைக்கும். இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்டு, 'சிவப்பு ரோஜா வெள்ளைக் கொத்துப்பூவாக மாறிப்போச்சு' என்பவர்களின் தோட்டத்தில் நடந்தது இதுதான். மேலே உள்ளது செத்து, அடியில் உள்ளது ஆண்டுகொண்டிருக்கும்.

நுனியிலிருந்து கறுத்து இறங்கும் கிளையை மட்டும் இப்போதே வெட்டவேண்டும், அது கவாத்தில் சேராது. காயவிட்டால் முடிச்சு வரை இறங்கிச் செடியையே கொண்டுபோய்விடும். மழையில்லாத ஒரு காலையில், கறுப்பு முடியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டின முகத்தைப் பாருங்கள். நடுச்சோறு வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்பு வட்டம் தெரிந்தால் நோய் இன்னும் கீழே இருக்கிறது, வெள்ளை வரும்வரை இறங்கி வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் இடையே கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டுவாயில் துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையோ, காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்ததோ தடவவும். மஞ்சளும் சாணியும் குழைத்துத் தடவுவது பழைய வழக்கம், வறண்ட காலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். இந்த மழையில் முதல் சாரலுக்கே கரைந்து ஓடிவிடும்.

போர்டோ பசைக்குக் கடை தேட வேண்டாம், பக்கத்தில் ரப்பர் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் துரிசு (காப்பர் சல்பேட்) கிடைக்கும். 100 கிராம் துரிசை அரை லிட்டரிலும், 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துரிசு நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். சுண்ணாம்பு கொதிக்கும், கண்ணுக்குக் கவனம். பளபளப்பான இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுத்தால் செம்புநிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. கலந்த அன்றே தீர்த்துவிடவேண்டும். இந்தப் பசை வெட்டுவாய்க்கு மட்டும். ஒரு சதவீதப் போர்டோ கலவையை இலைக்கு அடிப்பதுண்டு, ஆனால் மேகமூட்டத்தில் இலை காயாத நாளில் அடித்தால் இளந்துளிர் கருகும். இந்தப் பருவத்தில் நான் அதை இலைக்குப் பரிந்துரைக்கமாட்டேன்.

இலைக்கு, லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி. இலை காய்ந்திருக்கும் நேரத்தில், அடுத்த சில மணி நேரம் மழை வராது என்று தோன்றும்போது, அடிப்பக்கமும் நனையும்படி, ஒட்டும் திரவம் சில சொட்டு சேர்த்து அடியுங்கள். பத்து நாள் கழித்து கார்பன்டாசிம் என்ற இன்னொரு பூஞ்சணக்கொல்லி லிட்டருக்கு 1 கிராம். இப்படி மாற்றி மாற்றி அடித்தால் பூஞ்சணம் ஒரே மருந்துக்குப் பழகாது. கையுறையும் முகமூடியும் கட்டாயம். ஏற்கெனவே விழுந்த புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது. மருந்து வேலை செய்கிறதா என்பதைப் புதிதாக விரியும் இலையில் பாருங்கள். குல்கந்துக்கோ பிள்ளைகள் வாயில் போடவோ இதழ் பறிக்கும் பன்னீர் ரோஜாவுக்கு இதெல்லாம் வேண்டாம். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் லிட்டருக்கு 10 கிராம் போதும். அதையும் தாமிர மருந்தையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது, தாமிரம் அந்தப் பாக்டீரியாவையே கொன்றுவிடும். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இலையைக் கொண்டுபோய்க் காட்டியும் கேட்கலாம்.

அழுகும் மொட்டை உடனே கிள்ளி எறியுங்கள். வெளி இதழ் நனைந்து ஒட்டிக்கொண்டு உள்ளே விரிய முடியாமல் பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறப் பூஞ்சை பிடிக்கும். இதழ் நெருக்கமான பெரிய ரகங்களில் இது அதிகம். ஆந்திரா சிவப்பும் பட்டன் ரோஜாவும் ஓரளவு தப்பிக்கும். இலை பாதிக்குமேல் கொட்டின செடியில் நல்ல மொட்டையும் இந்த ஒரு மாதம் கிள்ளிவிடுவது செடிக்கு நல்லது.

இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். துளிர் மொட்டையாகக் கடிபட்டிருந்தால் பெரும்பாலும் ஆப்பிரிக்க நத்தை. வெறுங்கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பொறுக்கி உப்புநீர் வாளியில் போடுங்கள். மனுஷனுக்கு ஆகாத புழு அதன் உடம்பில் இருக்கக்கூடும். உப்பைச் செடி அடியில் தூவுவது மட்டும் வேண்டாம்.

சரி, கவாத்து எப்போது? அக்டோபர் கவாத்து என்பது தமிழ்நாட்டுச் சமவெளிக்குப் பொதுவாகச் சொன்னது. நமக்கு அந்த மாதத்தில்தான் வடகிழக்கு மழை தொடங்குகிறது. அப்போது வெட்டினால் ஒவ்வொரு வெட்டுவாயும் நோய்க்குத் திறந்த கதவு. தவறவிட்டீர்கள் என்று வருத்தப்பட எதுவும் இல்லை. மழை வெறித்து, தொடர்ந்து ஒரு வாரம் வெயில் அடித்து, செடியில் புது இலை நாலு கிளையிலாவது விரிந்தபிறகு வெட்டுங்கள். பெரும்பாலும் அது தை நடுவாக இருக்கும். இலை கொட்டின செடிக்குத் தண்டில் சேர்த்து வைத்ததுதான் கையிருப்பு. அதையும் இப்போதே வெட்டியெடுத்தால் துளிர்க்கத் தெம்பிருக்காது. தையில் வெட்டும்போதும் நல்ல உடம்புள்ள செடியை ஒன்றரை அடி உயரத்துக்கு, நலிந்ததை மூன்றில் ஒரு பங்கு மட்டும். பன்னீர் ரோஜாவுக்கு நுனி கிள்ளினால் போதும். வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 45 நாளில் பூ. மாசி கடைசிக்குமேல் தள்ளினால் சித்திரை வெயிலில் பூ சிறுத்து வெளிறும், அதற்கு வெட்டாமலே விடலாம்.

உரமும் அன்றைக்குத்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை, கவாத்து முடிந்ததும் செடிக்கு 10 கிலோ தொழு உரம், தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தலா 12 கிராம். இது தரையில் இருக்கும் செடிக்கு. சட்டிக்கு இரண்டு கை மக்கிய ஆட்டுப்புழுக்கையும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் போதும். அதற்குமுன் இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் சத்துக் குறைவு என்று ஓட வேண்டாம். ஊறின மண்ணில் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் தவிக்கும்போதும் அப்படித்தான் இருக்கும், மண் காய்ந்தால் பல நேரம் தானே சரியாகும்.

செத்துப்போன இடத்துக்குப் புதுச் செடி வாங்கும் ஆசை வரும். அதுவும் தையில்தான். அப்போதும் பூத்துக் குலுங்கும் செடியைப் பார்த்து மயங்காமல், ஒட்டு முடிச்சுக்கு மேலே இரண்டு, மூன்று கிளை தனித்தனியாகக் கிளம்பியிருப்பதை எடுங்கள், பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய செடி வேரழுகிச் செத்த குழியில் மட்டும் நடாதீர்கள். இரண்டடி தள்ளி மேடு கட்டி வையுங்கள்.